நீலக் கிரீடம் வைத்த பாட்டில்

அப்பா குளுக்கோஸ் தொங்கிய இரும்புக் கம்பியைப் பிடுங்கி நர்ஸ் கார்மெலின் முகத்தில் அடித்தபோது என் வாயில் பாதி சாண்ட்விச் இருந்தது. எலும்பு உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கார்மெல் அலறவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்து சட்டையின் முன்பக்கம் முழுக்க இறங்கியது. அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வார்டு வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"கேட்டைச் சாத்துங்கடா! மாடு ரோட்டுக்குப் போகுது! கண்ணு அவிஞ்சு போச்சாடா எல்லாருக்கும்?"

வார்டில் மாடு எதுவும் இல்லை. எதிர்க் கட்டிலில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு படுத்திருந்த பெரியவர் மட்டும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

தொடை எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்து ஒரு வாரம்கூட ஆகாத கால். அதைத் தரையில் ஊன்றப் பார்த்தார் அப்பா. நான் சாண்ட்விச்சைத் துப்பிவிட்டு ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையை ஓங்கி என் வாயில் இறக்கினார். கீழுதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அதற்குள் என் தம்பி ஃபின்டன் வராந்தாவிலிருந்து ஓடிவந்தான். அவன் பொக்லைன் ஓட்டுகிறவன், கதவு நிறைய இருப்பான். அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோய் மெத்தையில் அழுத்தினான். டாக்டர் ஷெவ்லின் ஊசியோடு வந்தாள். "அப்படியே பிடிச்சுக்கங்க, ரொம்ப நல்லாப் பண்றீங்க" என்று அவனைப் பாராட்டிவிட்டு ஊசியைப் போட்டாள். அப்பாவின் கூச்சல் திடீரென்று வேறு மாதிரி ஆனது. மாட்டுக்கான கூச்சல் இல்லை அது. ஃபின்டனின் இன்னொரு கை போர்வைக்கு அடியில் போயிருந்தது. நான் போர்வையை விலக்கினேன். தையல் போட்ட இடத்தில், கட்டின் மேல், அவன் கட்டைவிரல் முழுசாக அழுந்தியிருந்தது.

"கையை எடுடா."

"எந்தக் கையை?" என்றான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. பொக்லைனில் உட்கார்ந்து பள்ளம் தோண்டும்போதும் அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

நான் அவன் விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தேன். அப்புறம்தான் எடுத்தான்.

ஷெவ்லின் இதைப் பார்க்கவில்லை. அவள் நல்ல பெண். டப்ளினில் படித்தவள், மேற்கு அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்து மழைக்கு இன்னும் பழகாதவள். அப்பா உளற ஆரம்பித்த அன்றே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். வயதானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்தால் சில சமயம் மூளை குழம்பும், பயப்பட வேண்டாம், குடும்பத்து ஆள் ஒருத்தர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தெரிந்த முகத்தையும் தெரிந்த குரலையும்விட இதற்கு நல்ல மருந்து கிடையாது என்றாள். ஃபின்டன் சிரிப்பை அடக்க இருமினான். தெரிந்த முகங்களை அப்பா என்ன செய்வார் என்று அவளுக்கு யார் சொல்வது? எங்கள் வீட்டில் ஒவ்வொரு எலும்புக்கும் ஊருக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. ஃபின்டனின் தாடையை எட்டு வயதில் கன்றுக்குட்டி உதைத்தது. நான் படியில் விழுந்தேன், இரண்டு முறை. அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலைக் காற்று கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது. சரியாக ஒட்டாமல், அது இன்றைக்கும் எதைச் சுட்டினாலும் பக்கத்தில் உள்ளதைத்தான் சுட்டும். இத்தனை வருடத்தில் இப்போதுதான் முதல்முறையாக நிஜமாகவே ஒரு மாடு எங்கள் வீட்டு ஆளை கேட்டோடு வைத்து முட்டித் தள்ளியிருக்கிறது. ஃபோனில் அம்மா அதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. உன்னை என்ன செய்தார் என்றுதான் கேட்டேன்.

அப்பாவின் கோட்டு கட்டிலுக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அதன் கழுத்துப் பட்டையில் அந்தப் பின் குத்தியிருந்தது. இயேசுவின் இதயம் போட்ட சின்னப் பின். ஆயுசுக்கும் மது தொடமாட்டேன் என்று மதுவிலக்குச் சபைக்கு முன்னால் சத்தியம் செய்தவர்கள் குத்திக்கொள்வது. எங்கள் பங்குக் கோயிலில் அந்தச் சபைக்கு அப்பாதான் தலைவர். உறுதிபூசுதல் சடங்கு நாளில் ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று சத்தியம் செய்யும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பின் குத்திவிடுவது அவர் கைதான். அதே கை கன்றுகளுக்கு வயிற்றுப்போக்கு மருந்து வைக்கும் அலமாரியில் பின்வரிசைப் புட்டிகளுக்குள் சாராயத்தை ஊற்றி வைத்திருந்தது. மலைக்குப் பின்னால் ஒருத்தன் உருளைக்கிழங்கில் காய்ச்சுவது. பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. "அப்பாவுக்கு நரம்பு சரியில்லை, மாட்டுக்கொட்டாய்க்குப் போயிருக்காரு" என்று அம்மா சொன்னால் நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசலில் தயாராக நிற்போம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று குடிப்பழக்கம் உண்டா என்று ஷெவ்லின் கேட்டாளாம். அப்பா வலியோடு வலியாக விரலை நீட்டிக் கோட்டிலிருந்த பின்னைக் காட்டினாராம். "எங்க தாத்தாவும் இதைத்தான் போட்டிருப்பாரு" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அம்மா பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். என்னிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள்.

அதைக் கேட்டபோதே நான் ஷெவ்லினிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் இன்னும் குடிக்கிறாரா என்று எனக்கே தெரியாது. பதினெட்டில் வீட்டைவிட்டுப் போனவள் நான். வயசாகிவிட்டது, விட்டிருப்பார் என்று நினைத்தேன். அம்மாவும் ஃபோனில் அப்படித்தான் சொல்வாள்.

நேற்று நடந்ததுதான் யாருக்கும் புரியவில்லை. பகல் முழுக்க அப்பா கட்டிலை உடைக்காத குறை. பிற்பகலில் அம்மா வந்து திரையை இழுத்துவிட்டு அவரோடு ஜெபமாலை சொன்னாள். அரை மணியில் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டார். கார்மெல் மெய்சிலிர்த்துப்போய் அம்மாவிடம், "டிம்ப்னாம்மா, நீங்க இங்கேயே வேலைக்குச் சேந்துடுங்க" என்றாள். அப்புறம் எழுதி வைத்தபடி அவருக்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது. மூச்சு நின்றது. நான்கைந்து பேர் மேலே விழுந்து காற்றுப் பையை வாயில் வைத்து அழுத்தி மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஷெவ்லின் அழாத குறையாக, அந்த அளவு மருந்து குழந்தையைக்கூட ஒன்றும் செய்யாதே என்று திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தாள். அதனால்தான் இன்றைக்குப் பாதி மருந்து. அதனால்தான் கார்மெலின் மூக்கு போனது.

ஊசி ஏற ஏற அப்பாவின் கத்தல் முனகலாக மாறியது. கார்மெலை மூக்கில் பஞ்சு வைக்க ஷெவ்லின் கூட்டிப் போனாள். அப்போதுதான் அம்மா வந்தாள். மழைக்கோட்டு, தலையில் கட்டிய துணி, கையில் பிளாஸ்டிக் பை. தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தாள். என் உதட்டைப் பார்த்தாள்.

"நீ எதுக்குக் குறுக்க போனே?" என்றாள்.

என் வாழ்க்கையில் இதே கேள்வியை அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாளோ. பதில் எதிர்பார்த்து ஒருநாளும் கேட்டதில்லை. பையிலிருந்து லூர்து தீர்த்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாதா சொரூபம் மாதிரியே செய்த பிளாஸ்டிக் பாட்டில். மாதாவின் தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. எங்கள் ஊரில் அது இல்லாத வீடே இல்லை. பிறகு திரையை இழுக்கத் தொடங்கினாள். "ரெண்டு பேரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க. நான் ஜெபமாலை சொல்லணும்."

நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் சீக்காளி பக்கத்தில் தீர்த்தம் இருந்தால் கை சும்மா இருக்காது. கிரீடத்தைத் திருகி, விரலை நனைத்து, அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டேன். வியர்வையில் நெற்றி வழுக்கியது. அம்மா திரையை விட்டுவிட்டு என் கையையே பார்த்தாள். அந்தப் பார்வை ஏன் என்று யோசிக்காமல், அதே விரலால் உதட்டில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தேன்.

நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனேன். மாட்டுக்கொட்டாய் அலமாரி. பின்வாசல். செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும் நாங்கள் இரண்டு பேர்.

"அம்மா, இது என்ன?"

"தீர்த்தம்."

"நேத்தும் இதைத்தான் குடுத்தியா?"

அவள் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, சாதாரணமாக வாங்கினாள். "அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? அம்பது வருஷம் சமாளிச்சவளுக்கு இந்தச் சின்னப் பிள்ளைங்க வந்து சொல்லணுமா? ரெண்டு வாய் உள்ள போனா கை நடுக்கம் நின்னுடும். நேத்து எப்படித் தூங்கினாருன்னு நீதான் பாத்தியே."

"தூங்கலம்மா. மூச்சு நின்னுச்சு."

"அது அவங்க ஊசி."

"ஊசியும் இதுவும் சேந்தா ஆளைக் கொன்னுடும். டாக்டர்கிட்ட சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவே?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கார்மெல் பிள்ளைங்களுக்கு இவர்தானேடி பின் குத்தி விட்டாரு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பூசைக்குப் போறது?"

ஃபின்டன் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா பாட்டிலை வாங்கியதைப் பார்த்தான். அப்பாவின் நெஞ்சு மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்தான். என் தோளில் கை வைத்தான்.

"விடுக்கா. ஊசி உள்ள போயாச்சு. அம்மா குடுக்கட்டும்."

"என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"நாம ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான், சின்ன வயதில் கொட்டாயில் ஒளிந்திருக்கும்போது பேசுகிற குரலில். "அடிக்க வேணாம், அமுக்க வேணாம். டீ குடிக்கப் போனாப் போதும்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. நன்றாகவே வந்தது. கீழே கேன்டீனில் போய் உட்கார்ந்தால் போதும். ஆனால் அதோடு சேர்ந்து மற்றதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. திறந்த சவப்பெட்டிக்குள் அப்பா, கோட்டு, கோட்டில் அந்தப் பின். பங்குத்தந்தை பீடத்தில் நின்று, ஆயுசு முழுக்க ஒரு சொட்டு தொடாத புனிதர் என்று சொல்வார். ஊரே வரிசையில் வந்து எங்கள் கையைக் குலுக்கும். அம்மா தலையாட்டிக்கொண்டே இருப்பாள், தன் கையாலேயே ஊற்றிக் கொன்றுவிட்டு, அது தெரியாமலே, சாகும்வரை அவருக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டு. அந்த மனிதர் எங்களிடமிருந்து எடுக்காமல் விட்டுவைத்தது அவர் யார் என்ற உண்மை ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போக அவரை நான் விடுவதாயில்லை.

அம்மா அதற்குள் அவர் தாடையைப் பிடித்து வாயைத் திறந்துவிட்டாள். கன்றுக்கு மருந்து புகட்டுகிற பிடி. கிரீடம் இல்லாத மாதாவின் தலையை அவர் உதட்டில் சாய்த்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே உறிஞ்சினார்.

நான் பாய்ந்து பாட்டிலைப் பிடித்தேன். அம்மா விடவில்லை. எழுபதைத் தாண்டியவள், என் தோள் உயரம்கூட இல்லை, ஆனால் இன்றைக்கும் கன்றைத் தூக்கிச் சுவரைத் தாண்டி வைக்கிறவள். இன்னொரு கையால் என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். நான் விடவில்லை என்றதும் குனிந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்குவது தெரிந்தது. என் அம்மா என்னை அடித்தது அதுதான் முதல்முறை. அதற்கெல்லாம் வீட்டில் வேறு ஆள் இருந்ததால் அவளுக்கு வேலை வரவில்லை. நான் பாட்டிலோடு அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் முதுகு மேசையில் மோதியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது. கட்டைவிரல் ஒரு காதுக்குக் கீழே, மற்ற நான்கும் இன்னொரு காதுக்குக் கீழே. அந்தப் பிடி எனக்குத் தெரியும். ஒரு நொடி, படுத்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"விடுடா!" என்றேன். "நீயும் அவரு மாதிரியே பிடிக்கிறேடா!"

என் கழுத்து சட்டென்று விடுபட்டது. ஃபின்டன் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அம்மாவும் பிடித்த பிடியில் பாட்டில் நசுங்கி, சாராயம் கட்டிலிலும் தரையிலும் கொட்டியது. கார்மெலின் ரத்தத்தோடு கலந்து மேசைக்கு அடியில் ஓடியது. நாற்றம் வார்டு முழுக்க ஏறியது.

எதிர்க் கட்டில் பெரியவர் போர்வையை இறக்கி மூக்கை உறிஞ்சினார். "அடேங்கப்பா" என்றார். "இது மலைக்குப் பின்னால காச்சுனதாச்சே."

சத்தம் கேட்டுத் திரையை விலக்கிக்கொண்டு ஷெவ்லின் வந்தாள். அவளுக்குப் பின்னால் கார்மெல், மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு, கண்ணைச் சுற்றிக் கருநீலம். அவளுக்கு நாற்றம் தெரியவில்லை. தரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷெவ்லினுக்குத் தெரிந்துவிட்டது. கொக்கியில் தொங்கிய கோட்டை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"தீர்த்தம்" என்றாள் அம்மா. தரையில் முட்டி போட்டுத் தலைத்துணியை அவிழ்த்துத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். "லூர்துலேந்து வந்தது."

"சாராயம்" என்றேன் நான். "வருஷக்கணக்காக் குடிக்கிறாரு. இப்பவும் குடிச்சாரு. நேத்து ஊசிக்கு முன்னாடியும் குடிச்சாரு."

வெளியில் சொன்ன பிறகு அது ரொம்பச் சின்னதாக இருந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஷெவ்லின் ஆக்ஸிஜனை அப்பாவின் முகத்தில் மாட்டினாள், கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்தாள், கார்மெலிடம் ஏதோ மருந்தின் பெயர் சொல்லி எடுத்து வரச் சொன்னாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேளுங்க, எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இது மயக்க மருந்துக் குழப்பம் இல்லை, குடி நின்னதால வர்றது. வேற மருந்து இருக்கு. ஆனா அளவு தெரியணும். கூடப் போனா நேத்து மாதிரி மூச்சு நிக்கும். குறைஞ்சா வலிப்பு வந்து போயிடுவாரு. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பாரு?"

நான் ஃபின்டனைப் பார்த்தேன். அவன் இன்னும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியாது" என்றான். எனக்கும் தெரியாது. அந்த அளவு தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

அவள் மேசைக்கு அடியில் துடைக்கப் போனாள்.

"அம்மா, நீ வாயத் திறந்து சொல்ல வேணாம்."

மேசைமேல் கண்ணாடி டம்ளர் இருந்தது. அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் பார்த்தாள். கார்மெல் மருந்தோடு திரும்பி வந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். ஈரத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். நேராகக் கோட்டிடம் போனாள். அதை எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பின் இருந்த கழுத்துப் பட்டையை உட்பக்கமாக மடித்து, மேல் பொத்தானைப் போட்டு, அது வெளியே தெரியாதபடி நீவிவிட்டாள்.

பிறகு திரும்பி வந்தாள். என் கையிலிருந்த டம்ளரில் வலது கையின் ஆள்காட்டி விரலை வைத்தாள். அடியிலிருந்து அந்தக் கோணல் விரல் மெதுவாக ஏறியது. கால் டம்ளர். அரை. "ஒரு நாளைக்கா?" என்று ஷெவ்லின் மெல்லக் கேட்டாள். விரல் நிற்கவில்லை. விளிம்புவரை வந்தது. அப்பா முகமூடிக்குள் ஒரு மூச்சு இழுத்தார். அடுத்தது வரத் தாமதமானது.

அம்மா என் கையிலிருந்த டம்ளரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியின் விளிம்பில் விரலை வைத்தாள்.